உறைகுளிர் ஏழு

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் யாரும் கழித்தல் குறி போட்டுப் பேசமாட்டார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழேதான். தெரிந்த சங்கதியை எதற்கு வாயால் வேறு சொல்லவேண்டும்? "வெளிய எவ்வளவு?" என்று கேட்டால் "உறைகுளிர் பன்னெண்டு" என்பார்கள். இன்னும் சோம்பேறி என்றால் வெறும் "பன்னெண்டு". பேச்சில் சிக்கனம் பிடிப்பதில் ஃபின்லாந்துக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. என் கணவன் கௌகோ அவர்களிலும் ஒருபடி மேல். கல்யாணமான இத்தனை வருடத்தில் "எப்படி இருக்கே?" என்ற கேள்விக்கு அவனிடமிருந்து நான் வாங்கியிருக்கும் ஒரே பதில் "பரவாயில்ல". பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றும் அதுதான். அவன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அதுதான்.

கௌகோவுக்கு வேலை கடல்மேல். லம்மஸ்காரி தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் உறைந்ததும் அதன்மேல் சாலை போடவேண்டும். கல்லும் தாரும் வேண்டாம். ஐஸ்மேல் விழுந்து கிடக்கும் பனியை டிராக்டரால் வழித்துத் தள்ளினால் போதும். பனி கம்பளிப் போர்வை மாதிரி. அதை விட்டுவைத்தால் கீழே ஐஸ் தடிக்காது. வழித்துவிட்டால் குளிர் நேராக இறங்கும், ஐஸ் நாளுக்கு நாள் தடிக்கும். கார் தாங்கும் அளவுக்குத் தடித்த பிறகு கரையில் இருக்கும் தடுப்புக் கட்டையைத் தூக்கிச் சாலையைத் திறப்பார்கள். அதுவரை கனமான வண்டியோடு அதன்மேல் போகும் ஒரே பிரகிருதி என் கணவன். டிராக்டர் கதவைத் திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டிவிடுவான். இடுப்புப் பட்டை போடமாட்டான். மிதக்கும் உடை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் இரண்டு கூரான பிடிகள். ஐஸ் உடைந்து வண்டி உள்ளே போனால் வெளியே குதிக்க வேண்டும், குதித்தபின் அந்தக் கூர்களைக் குத்திக் குத்தி மேலே ஏறவேண்டும். அதற்குத்தான் இந்த அலங்காரமெல்லாம்.

எனக்கு வேலை கரையில், ஊலு நகரத்தில், யாகெப்பி என்ற சின்னக் கம்பெனியில். பெயருக்கு அர்த்தம் ஐஸ்குச்சி. சப்புகிற குச்சி இல்லை. ஐஸில் நடுகிற கம்பம். உள்ளே ஒரு வெப்பமானி சிப், அதைப் படிக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர், செய்தி அனுப்ப ஒரு ஆன்டெனா. கம்பம் ஐஸின் குளிரை மணிக்கு மணி சொல்லும். நான் எழுதிய நிரல் அதையெல்லாம் கூட்டி, ஐஸ் எவ்வளவு தடித்திருக்கும் என்று கணக்குப் போடும். கம்பம் இருக்கும் இடத்தில் துளை போட்டு அளக்கவேண்டியதில்லை, கம்பமே சொல்லிவிடும். இதுதான் நாங்கள் விற்கும் பெருமை. லம்மஸ்காரி சாலையிலும் கரையிலிருந்து தீவுவரை எட்டுக் கம்பங்கள் நின்றன.

அந்தச் சிப்போடு பேசும் அடிமட்ட நிரலை எழுதியவன் ராய்மோ. இப்படிப்பட்ட நிரலுக்கு எங்கள் தொழிலில் டிரைவர் என்று பெயர். எங்கள் பாஷையிலும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் இதற்கும் ஒரே சொல்தான். "உன் வீட்டுல ஒரு டிரைவர், ஆபீஸ்ல ஒரு டிரைவர், ரெண்டும் வாயத் திறக்காது" என்று என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. ராய்மோவின் டிரைவர் சாதாரண டிரைவர் அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் மூலக்கருவான கர்னலிலேயே இடம் பிடித்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம், திருத்தம் எழுதி மெயிலில் அனுப்பலாம். ஆனால் ராய்மோ சரி என்று சொன்னால்தான் திருத்தம் உள்ளே போகும். அந்த அதிகாரம் அவனுக்கு வெல்லம். கம்பளிக் காலுறையும் தாடியும் வாயில் உப்பு மிட்டாயுமாக, தன் கோயிலுக்குத் தானே பூசாரி என்ற தோரணையில் உட்கார்ந்திருப்பான்.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக் காபிக்கு லாப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டே வந்தான்.

"ஹெல்கா, இதக் கேளு. ருமேனியாலேர்ந்து இலின்கான்னு ஒரு அம்மா. என் டிரைவருக்கு வைத்தியம் பாக்க வந்திருக்காங்க."

"ஜலதோஷமா, அதுக்கும் மேலயா?"

"வகை மாத்தணுமாம். ஒரே வரி, அதுல ஒரே சொல்லு. அதுக்கு ஒரு முழ நீளத்துக்கு விளக்கம்."

நான் எட்டிப் பார்த்தேன். விளக்கம் முழ நீளமெல்லாம் இல்லை, நாலு வரி. கர்னலில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், நல்ல செய்தி பூஜ்யமாகவோ அதற்கு மேலாகவோ வரும், கெட்ட செய்தி கழித்தல் எண்ணாக வரும். எந்தக் கெட்ட செய்திக்கு எந்த எண் என்று பட்டியலே இருக்கிறது. சிப்பைப் படித்தபின் வருவதை வாங்கி வைக்க ராய்மோ ஒரு மாறியை, அதாவது எண் போட்டுவைக்கும் ஒரு பெட்டியை, வைத்திருந்தான். அடுத்த வரியில் "இது பூஜ்யத்துக்குக் கீழே என்றால் பிழை என்று சொல்லிவிட்டுத் திரும்பு" என்றும் ஒழுங்காக எழுதியிருந்தான். ஆனால் மாறியின் வகை? குறியில்லாத எட்டு இட எண், ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் அல்லது ஒன்று மட்டும். அதில் கழித்தல் குறி வைக்க இடமே கிடையாது. இடமில்லாத பெட்டி ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது; ஆகவே அந்த அடுத்த வரி ஒருநாளும் வேலை செய்யாது. குறியுள்ள வகையாக மாற்றுங்கள் என்று இலின்கா எழுதியிருந்தாள். கடைசியில், இந்தத் தொழிலில் யோக்கியர்கள் எழுதும் ஒரு வரி: "நிரலைக் கம்பைல் செய்து பார்த்தேன், அவ்வளவுதான். என்னிடம் கருவி இல்லை, ஓட்டிப் பார்க்கவில்லை."

"பாத்தியா," என்றான் ராய்மோ, அந்த வரியை விரலால் தட்டி. "கருவியக் கண்ணால கூடப் பாத்ததில்ல. ஏதோ ஒரு மெஷின் கர்னல் முழுக்க மேய்ஞ்சு குத்தம் கண்டுபிடிக்குது, இவங்க தபால்காரி வேல பாக்கறாங்க."

"சொன்னது சரிதான?"

"இலக்கணப்படி சரி. ஆனா ஒம்போது வருஷமா ஓடுது ஹெல்கா. இதுவரைக்கும் ஒரு பிழை, ஒரே ஒரு பிழை வந்ததா யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"குறியில்லாத வகைய ஏன்தான் போட்டே?"

"பின்ன? சிப்பே குறியத் தனியாத்தான குடுக்குது! முதல் இடத்துல ஒண்ணு இருந்தா உறைகுளிர், மீதி இடத்துல எத்தன டிகிரி. நம்மூர்க்காரன் செஞ்ச சிப்பு, நாம பேசற மாதிரியே பேசுது. இங்க எவன் மைனஸ் ஏழுன்னு சொல்றான்? உறைகுளிர் ஏழும்போம்."

சொல்லிக்கொண்டே பதிலும் தட்டிவிட்டான்: "இந்த டிரைவரில் இதுவரை எந்தப் பிழையும் பதிவானதில்லை. வேண்டாத மாற்றம்." அனுப்பிவிட்டு வெண்ணெய் ரொட்டியை எடுத்துக் கடித்தான். பரம திருப்தி.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பிழை வந்தால் தெரியாது என்கிறாள் அவள். பிழை வந்ததே இல்லை என்கிறான் இவன். கதவைத் தாழ் போட்டுவிட்டு, விருந்தாளி யாருமே வரவில்லை என்று பெருமைப்படுகிற மாதிரி இருந்தது.

"ராய்மோ, சிப்பு செத்துப்போனா என்ன நம்பர் வரும்?"

"எதிர்ப்பக்கம் பதிலே சொல்லலைன்னா மைனஸ் நூத்தி இருபத்தொண்ணு."

"அது உன் பெட்டில விழுந்தா?"

"கன்னாபின்னான்னு பெருசா ஏதாச்சும் ஆகும். பாத்தாலே தெரியும், தப்புன்னு."

"எட்டு இடத்துல எவ்வளவு பெருசு ஆகும்? எரநூத்தம்பத்தஞ்சோட முடிஞ்சுதே."

அவன் வாய் அசைவது நின்றது. கார் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்திலிருந்து பின்னால் சுற்றினால் உச்ச எண்ணுக்குத் தாவி அங்கிருந்து இறங்கும் இல்லையா, அதேதான் இங்கேயும். இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து நூற்று இருபத்தொன்று போனால் நூற்று முப்பத்தைந்து. அதில் நூற்று இருபத்தெட்டு என்பது முதல் இடத்தின் மதிப்பு. முதல் இடத்தில் ஒன்று இருந்தால் உறைகுளிர். மீதி எவ்வளவு என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கழித்தோம்.

"உறைகுளிர் ஏழு," என்றான் ராய்மோ. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

எழுபது என்று வந்திருந்தால் யாராவது சிரித்திருப்போம். நூறு என்று வந்திருந்தால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஊலுவில் ஜனவரி மாதத்தில் உறைகுளிர் ஏழைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? என் நிரலும் சந்தேகப்படாது. நல்ல பிள்ளையாக ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டு, ஐஸ் தடிக்கிறது, தடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகும்.

அப்போதுதான் காலைக் கஞ்சி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் காலையில் நடக்கும் ஒரே பேச்சுவார்த்தை ஐஸைப் பற்றித்தான். கௌகோ கஞ்சியில் வெண்ணெயைக் கலக்கிக்கொண்டே சொல்லியிருந்தான்: "அஞ்சாம் கம்பம் தங்கமான கம்பம். மத்ததுல பலது நாலு, ஒம்போது, ஆறுன்னு ஆடிக்கிட்டே இருக்கு. அது செவ்வாக்கெழமலேர்ந்து ஏழு. அசையல." அவனுக்கு அது ஒரு நீண்ட சொற்பொழிவு. இன்று அந்தப் பக்கம்தான் வழிக்கப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தான். ஐந்தாம் கம்பம் நிற்பது தீவின் முனையருகே, கீழே நீரோட்டம் இழுக்கிற இடத்தில்.

நான் போனை எடுத்தேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. எடுக்கவில்லை. ராய்மோ காலுறையில் வழுக்கிக்கொண்டு தன் மேசைக்கு ஓடி ஐந்தாம் கம்பத்தின் கோட்டைத் திரையில் கொண்டுவந்தான்.

"என்ன காட்டுது?"

"நேர்கோடு," என்றான். "செவ்வா மத்தியானத்துலேர்ந்து. ஒரு டிகிரி கூட அசையல. இது குளிரே இல்ல ஹெல்கா. இது அந்த நூத்தி இருபத்தொண்ணு."

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திறந்து கட்டிய அந்தக் கதவுதான் கண்முன்னால் வந்து வந்து நின்றது. மூன்றாம் முறை மணி முழுவதும் அடித்து ஓயப் போகிற சமயத்தில் எடுத்தான். இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"என்ன?"

"எங்க இருக்கே?"

"வேலைல."

"கௌகோ, எந்தக் கம்பத்துக்கிட்ட?"

"நாலத் தாண்டிட்டேன்."

"நில்லு! அப்படியே நில்லு!"

"ஐஸ்ல நிக்கக்கூடாது." குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். அது எனக்கும் தெரிந்ததுதான். மெல்லிய ஐஸில் நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியைவிட மோசம்.

"அப்ப வந்த தடத்துலயே பின்னால வா. அஞ்சாம் கம்பம் பொய் சொல்லுது. சிப்பு செத்துப்போச்சு, செவ்வாக்கெழமையே செத்துப்போச்சு."

"ஏழுன்னு காட்டுதே."

"செத்தாத்தான் ஏழுன்னு காட்டும்!"

"அப்படியா," என்றான். கியர் விழும் சத்தம் கேட்டது. "சரி. பரவாயில்ல." போனை வைத்துவிட்டான்.

பரவாயில்லையாம்! அவன் பரவாயில்லையைத் தூக்கி உடைப்பில் போட! நான் கோட்டை மாட்டுவதற்குள் ராய்மோ கார்ச் சாவியோடு வாசலில் நின்றான். கரைவரை வழியெல்லாம் பைன் மரங்கள்தான். ஒரே ஒரு தடவை ராய்மோ வாயைத் திறந்தான்.

"நாம பேசற பேச்சுதான் ஹெல்கா. உறைகுளிர், உறைகுளிர்னு சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் குறியே கண்ணுல படல."

"ரோட்டப் பாரு," என்றேன். அவனுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

பாதி வழியில் போன் சிணுங்கியது. கௌகோவிடமிருந்து செய்தி: "கரை." ஒரே சொல். முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தான், பெரிய மனது. ராய்மோ வண்டியை ஓரம் கட்டினான்; நான் கொஞ்சம் அழுதேன்; அவன் பெட்டியிலிருந்து ஒரு உப்பு மிட்டாயை எடுத்து நீட்டினான்; மறுபடி கிளம்பினோம்.

கரைக்குப் போய்ப் பார்த்தால் டிராக்டர் இருக்கிறது, ஆளைக் காணோம். எனக்கு மறுபடி உயிர் போய் வந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தபோது வெகுதூரத்தில், காலால் உந்தி ஓட்டும் பனிச்சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கரும்புள்ளி வந்துகொண்டிருந்தது. மகானுபாவன் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு, துளை போடும் கருவியோடு ஐந்தாம் கம்பம்வரை போய் அளந்துவிட்டு வருகிறான். ஆள் மட்டும் என்றால் அந்த ஐஸ் தாங்கும், அவன் கணக்கு அது. கிட்டே வந்ததும் முழங்கால்வரை நனைந்திருந்தது தெரிந்தது.

"பனிக்கு அடில தண்ணி ஏறி நிக்குது," என்றான். "ஐஸ் ஒரு சாண். அதுவும் நல்ல ஐஸ் இல்ல."

அந்த டிராக்டருக்கு இரண்டு சாண் வேண்டும். மேலே பெய்த பனியின் கனத்தில் ஐஸ் அமுங்கி, விரிசல் வழியே கடல்தண்ணீர் மேலே வந்திருக்கிறது. அதே தண்ணீர்தான் கம்பத்துக்குள்ளும் புகுந்து சிப்பைக் கொன்றிருக்கிறது. ஆபத்து வந்த நிமிஷத்திலேயே கம்பம் செத்து, செத்த நிமிஷத்திலிருந்தே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

ராய்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கௌகோ, தப்பு என்னோடது."

கௌகோ அவனைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், டிராக்டர் படியில் வைத்திருந்த ஃபிளாஸ்க்கை எடுத்தான்.

"காப்பி குடிக்கறியா?"

எங்கள் ஊரில் மன்னிப்பு என்பது அவ்வளவுதான். ராய்மோ குடித்தான். மூடியில் ஊற்றிக் கொடுத்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான்.

"உனக்கு எப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"பரவாயில்ல," என்றான் என் கணவன்.

மறுநாள் ராய்மோ இலின்காவுக்கு மெயில் எழுதினான். நான் சொன்னது தவறு, நீங்கள் சொன்னதே சரி, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று நேராகவே ஆரம்பித்தான். மனுஷன் விழுந்தால் மொத்தமாக விழுவான், அது அவனிடம் எனக்குப் பிடிக்கும். அவள் விளக்கத்தின் கீழே இரண்டு வரி சேர்த்தான்: "வெப்பமானி செயலிழந்தால் இந்த டிரைவர் உறைகுளிர் ஏழு என்று சொல்லும். அதை நம்பி ஒருவர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்." இந்தப் பிழை எந்தத் திருத்தத்தால் உள்ளே வந்தது என்று பெயர் சொல்லி எழுதுவதும் கர்னல் வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தன் வரியையே அங்கே எழுதினான். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"இன்னொரு வரி பாக்கி. சோதித்துப் பார்த்தவர் பேரு. அந்தப் பொண்ணுதான் ஓட்டிப் பாக்கலைன்னு எழுதியிருக்காளே. ஓட்டிப் பாத்தவன் ஒருத்தன் இருக்கான்ல?"

"அவன் டிராக்டர ஓட்டினான் ராய்மோ."

"அதான். டிரைவர்." அவன் சிரிக்கவில்லை. "கேட்டுச் சொல்லு. ஒருதடவ பேரு உள்ள போச்சுன்னா அப்புறம் எடுக்க முடியாது."

அதைக் கேட்பதற்குள் மூன்று நாள் அமளியில் போயிற்று. திருத்திய டிரைவரை எட்டுக் கம்பங்களுக்கும் அனுப்பினோம். அனுப்பியதுதான் தாமதம், ஐந்தாவதோடு இன்னும் இரண்டு கம்பங்கள் "தெரியல" என்று திரையில் எழுதிவிட்டன. அவற்றில் ஒன்று போன குளிர்காலத்திலிருந்தே செத்துக் கிடந்திருக்கிறது. மூன்றையும் மாற்றும்வரை சாலை திறக்காது என்று ஆயிற்று. தீவுக் கடைக்காரர் எனக்கே போன் போட்டுச் சத்தம் போட்டார்: "நேத்து வரைக்கும் எல்லாம் நல்லாத்தானம்மா இருந்துச்சு! நீங்க கை வெச்ச பிறகுதான கெட்டுப்போச்சு? ஏழுன்னே காட்டட்டுமே, பாக்கறவங்க மனசுக்காச்சும் தெம்பா இருக்கும்!" சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியாமல், கம்பத்தை மாற்ற ஆள் வருகிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலச் சாப்பாட்டின்போது கேட்டேன். மீன் சூப், கம்பு ரொட்டி. கௌகோ முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"என் பேரா? நான் என்னத்தச் சோதிச்சேன்?"

"ஐஸ."

"அந்த மெயில்ல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். கெட்ட செய்தி கழித்தல் குறியோடு வரும், ராய்மோவின் பெட்டியில் அந்தக் குறிக்கு இடமில்லை, அதனால் எவ்வளவு கெட்ட செய்தி உள்ளே போனாலும் வெளியே வரும்போது நல்ல செய்தியாகத்தான் வரும் என்றேன். கேட்டுக்கொண்டான். கரண்டியால் சூப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு," என்றான்.

"என்ன சத்தம்?"

"ஐஸ். நாலாம் கம்பம் தாண்டினதும். திரும்பிப் பாத்தா வழிச்ச எடத்துல தண்ணி. கறுப்பா."

"தண்ணியப் பாத்தியா? பாத்துட்டும் ஏன் போனே?"

"கம்பம் ஏழுன்னு சொல்லுச்சு."

"உன் கண்ணு என்ன சொல்லுச்சு, மடையா!"

முள் வரிசையை விரலால் சரி செய்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்:

"நீ மூணு தடவ அடிச்சதும் கேட்டுச்சு. ஸ்டியரிங்லேர்ந்து கைய எடுக்க முடியல. கை வரல."

"பரவாயில்லன்னு சொன்னியே."

"சொன்னேன்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. இதற்குமேல் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு வந்ததே பெரிய காரியம். ஆனால் வந்தது.

"பயமா இருந்துச்சு, ஹெல்கா. இப்பவும் இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அந்தக் கரண்டியாலேயே அடித்திருப்பேன். எழுந்து போய் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தலைமுடியில் டீசல் நாற்றம். எத்தனை குளிர்காலம் இந்த மனுஷன் ஐஸ்மேல் போய்விட்டு வந்து என்னிடம் ஏழு, ஏழு என்று சொல்லியிருக்கிறான், நானும் அதை நம்பிக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவன் அசையாமல் இருந்தான்.

"பேரப் போட்டுக்கச் சொல்லு," என்றான் கடைசியில், என் ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

ராய்மோ போட்டான். பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டான்; சரியாகத்தான் இருந்தது. இலின்காவின் பெயருக்கு அடுத்த வரியில் கௌகோ உலிஹார்யு, கருவியை ஓட்டிச் சோதித்தவர். உள்ளே போய்விட்டது, இனி யாரும் எடுக்க முடியாது.

மறுநாள் காலை கஞ்சி வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்: "எப்படி இருக்கே?"

கௌகோ "ப" என்று உதட்டைச் சேர்த்தான். சேர்த்தபடியே நின்றான். வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தான்.

"முதுகு வலிக்குது," என்றான். "ரெண்டு வருஷமா."